தலைவர் வீட்டுக்காரர்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதீங்க, சட்டை கசங்கிரப்படாது, அதான். கஞ்சி போட்டுத் தேச்ச சட்டை. இன்னைக்கு மனு தாக்கல் பண்ணப் போறேன். ஆமா, எம்.எல்.ஏ. எலெக்சனுக்குத்தான். என்ன அப்படிப் பாக்கீங்க? வேட்பாளர் பஸ்ஸுல போகக்கூடாதா? வீட்டுல ரெண்டு கார் நிக்கு. ரெண்டும் விடியும்போதே பொம்பளையாளுவள ஏத்திக்கிட்டுப் போயிட்டு. நீங்க பன்னெண்டு மணிக்கு வந்தாப் போதும், பைய பஸ்ஸுல வாங்கன்னு சொல்லிட்டா. யாருன்னா கேக்கீங்க? எம் பொஞ்சாதிதான். சந்தனமாரி.

பாத்தீங்களா, பேரைச் சொன்ன ஒடனே ஒங்க முகம் மலருது. எல்லாருக்கும் அப்படித்தான் மலருது. சேர்மன் அம்மா. கபடி சந்தனமாரி. சரி, நான் யாருன்னு தெரியுதா? தெரியாதுல்லா. பலவேசம். கொம்பன்விளை பலவேசம். இந்த ரோட்டுல ஒரு காலத்துல நான் கையைக் காட்டுனா ஸ்டாப்பு இல்லாத எடத்துலயும் பஸ்ஸு நிக்கும் அண்ணாச்சி. இப்ப பாருங்க, சில்லறை இல்லன்னு கண்டக்டரு என்னையவே மொறைச்சிட்டுப் போறான்.

நானும் கபடிக்காரன்தான். அதை ஒரு பய சொல்ல மாட்டான். எங்க ஊரு டீம்ல நான் எடது கார்னர். கால்புடி ஆளு. கால்புடிக்கு ஒடம்புல வலு இருந்தாப் போதும்னு நெனைப்பாவ, அதெல்லாம் இல்ல, மூளை வேணும். பாடி வாரவன் என்ன பண்ணுவான் தெரியுமா? தம்மு போச்சு, மூட்டு வலிக்கு, இனித் திரும்பி ஓடவே தெம்பில்லங்கிற மாதிரி ஒரு காலைத் தளர விட்டு இழுப்பான். காலைக் காட்டுறதுன்னு அதுக்குப் பேரு. வெவரமில்லாத பய ஆசைப்பட்டு விழுந்து புடிப்பான். புடிச்சான்னா போச்சு. அதுக்குத்தான காத்துக்கிட்டு இருக்கான் அவன்! புடிச்சவனையும் சேத்து இழுத்துக்கிட்டு ஒரே தாவா நடுக்கோட்டுல கையை வச்சிருவான். நான் அப்படி ஏமாந்ததே கெடையாது. அடுத்தவன் காலைப் பாத்தே அவன் மனசுல என்ன இருக்குன்னு சொல்லிருவேன்.

அவ மில் டீமு. ஒங்களுக்கு ஞாபகம் இருக்கும், அப்பெல்லாம் பெரிய மில்லுக்காரங்க டீம் வச்சிருந்தாவ. சம்பளம் குடுத்து, ஹாஸ்டல்ல வச்சு, முட்டை பாலு எல்லாம் குடுத்து ஆட வப்பாவ. ஆடுறதுதான் வேலை, வேற சோலி கெடையாது. எங்க ஊரு அம்மன் கோயில் கொடைக்கு அந்த டீமைக் கூப்பிட்டிருந்தோம். சாயங்காலம், கூட்டம்னா கூட்டம், வேப்பமரத்துலயெல்லாம் ஆளு. இவ ஏறிப் போறா. எதிர்ல எல்லாவளும் கைகோத்து நிக்காளுவ. இவ நடுவுல போயி சும்மா நிக்கா. உதடு மட்டும் முணுமுணுன்னு பாடுது. கண்ணு ஒருத்தியைப் பாக்குது, கை வேற ஒருத்தியைத் தொடுது. தொட்டது தொடப்பட்டவளுக்கே தெரியாது, அம்பயர் கையைத் தூக்குன பொறவுதான் தெரியும்!

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், கெட்டுனா இந்தப் புள்ளையத்தான் கெட்டணும்னு. நம்ம வீட்டுல கப்பு இல்லைங்கிற குறை இருந்துச்சு பாருங்க, அது தீந்துச்சு. ஊர்ல எல்லாருக்கும் பொறாமை.

கல்யாணத்துக்குப் பத்திரிகை எல்லாம் அடிச்சு முடிச்ச பொறவு அவளுக்கு இந்தியா டீம் கேம்ப்புக்குக் கூப்பிட்டு வந்துட்டு. கல்யாணமும் அதே மாசம். நான் போகக்கூடாதுன்னு சொல்லவே இல்ல அண்ணாச்சி. அம்மன் மேல சத்தியமாச் சொல்லுதேன். "தாராளமாப் போ, ஆனா திரும்பி வரும்போது கல்யாணம் இருக்காது"ன்னேன். அவ்வளவுதான். முடிவை அவ கையிலதான குடுத்தேன்? அவங்க அப்பா அழுதாரு, அவளும் அழுதா. பொம்பளப் புள்ளைக கல்யாணத்துக்கு அழுறது வழக்கம்தான. ஷூவைக்கூட எடுத்துக்கிட்டுத்தான் எங்க வீட்டுக்கு வந்தா. இது எதுக்கு, ஆட்டுக்குக் கொழை ஒடிக்கப் போடவான்னு கேட்டேன். சிரிக்கல. நான் தமாசுக்குத்தான் கேட்டேன். பரண்ல தூக்கிப் போட்டேன், எலி கடிச்சுப் போட்டு.

அதுக்குப் பொறவு நல்லாத்தான் இருந்தோம். ஒரு சண்டை கெடையாது. ஒரு மவ. சோறு பொங்குவா, ஆடு மேய்ப்பா, எங்கம்மைக்குக் கால் அமுக்கி விடுவா. டிவியில கபடி போட்டா நான் மாத்திருவேன். மனசு கஷ்டப்படுவாளேன்னுதான். இதெல்லாம் யாரு நெனைச்சுப் பாக்கா?

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் அண்ணாச்சி. கொம்பன்விளை ஊராட்சித் தலைவரா ஆவணும். அதுக்காக எந்தக் கல்யாண வீட்ட விட்டேன், எந்தத் துட்டி வீட்ட விட்டேன்? செத்தவன் யாருன்னே தெரியாத வீட்டுலயும் போய் மாலை போட்டு மொத ஆளா நிப்பேன். எல்லாம் கூடி வந்து, போஸ்டர் அடிக்கக் குடுக்கப் போற நேரம் பாத்து, கவர்மெண்டு எங்க ஊராட்சியைப் பெண்களுக்குன்னு மாத்திட்டான். எப்படி இருக்கும் எனக்கு? இலையில சோத்தைப் போட்டுட்டு எந்திரிச்சுப் போன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாளு முகம் மழிக்கல.

பொறவு எல்லாரும் செய்யுததுதான, அதைச் செஞ்சேன். இவளை நிறுத்துனேன். போஸ்டர்ல என் படம் பெருசா, கையெடுத்துக் கும்பிடுத மாதிரி. ஓரத்துல இவ படம். "பலவேசம் மனைவி"ன்னு கொட்டை எழுத்து, அதுக்குக் கீழ இவ பேரு. ஓட்டுக் கேக்கப் போனா, இந்த ஊருப் பொம்பளைக இருக்காளுவளே, என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல. "ஏட்டி மாரி, அந்தக் கொடையில மூணு பேரை இழுத்துக்கிட்டு வந்தியே"ன்னு அவ கையைப் புடிச்சுக்கிட்டு நிக்காளுவ. நான் வெயில்ல நோட்டீஸ் கட்டை வச்சுக்கிட்டு நிக்கேன். சரி, ஓட்டு விழுந்தாச் சரின்னு இருந்துட்டேன். விழுந்துச்சு. அமோகமா செயிச்சேன்.

நான்தான அண்ணாச்சி செயிச்சேன். ஊரே அப்படித்தான் பேசிச்சு. தலைவரே, தலைவரேன்னுதான் கூப்புட்டாவ. ஊராட்சி ஆபீஸ்ல நாற்காலியில நான்தான் உக்காந்தேன். ஆகஸ்டு பதினைஞ்சுக்குக் கொடியை நான்தான் ஏத்துனேன். அவ வீட்டுல இருப்பா. கையெழுத்து வேணும்னா எழுத்தர் சங்கரபாண்டி வீட்டுக்குக் கொண்டு போவான், அவ அடுப்புகிட்ட இருந்து கையைத் துடைச்சிட்டு வந்து போட்டுக் குடுப்பா. ஆபீசருங்க யாராவது வந்து அவளைக் கேட்டா என்ன சொல்லணும்னு நான்தான் பழக்கி விட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, எல்லாம் அவ்வோதான் பாக்காவ." இவ்வளவுதான் சொல்லணும், வேற வாயைத் தொறக்கப்படாதுன்னேன். கிளிப்புள்ள கெணக்காச் சொல்லுவா. அந்த வெசயத்துல அவளைக் குறை சொல்ல முடியாது.

அந்த ஐப்பசியிலதான் எல்லாம் கெட்டுச்சு. எங்க ஊருக் குளத்துல மண்ணு எடுக்க செங்கச் சூளைக்காரரு ஒருத்தருக்கு நான் வாய்வார்த்தையாவே அனுமதி குடுத்திருந்தேன். எனக்கு வேண்டியவரு. நல்லது கெட்டதுக்கு நிக்கிறவரு. அவரு கொஞ்சம் ஆழமாத் தோண்டிட்டாரு. கரையையும் சேத்துத் தோண்டிட்டாரு போல. மழை வந்துச்சு, கரை ஒடைஞ்சு, கீழத்தெருவுக்குள்ள தண்ணி ஏறிப்போச்சு. ஆளு சாவல, ஆடுதான் கொஞ்சம் போச்சு. மழைக்கு நான் என்ன பண்ண முடியும்? ஆனா அந்தத் தெருப் பொம்பளைக எம்மேல கருவிக்கிட்டு இருந்தாளுவ. சப் கலெக்டர் நேர்ல வாராவ, கிராம சபைக் கூட்டம் போடணும்னு உத்தரவு வந்துட்டு.

அன்னைக்குக் காலையில இவ என்ன செஞ்சா தெரியுமா? எனக்குச் சட்டை தேச்சு வச்சா. இதே மாதிரி வெள்ளைச் சட்டை. காப்பியைக் கையில குடுத்துட்டு, "இங்கேருங்க, இன்னைக்கு மேடையில நீங்களே பேசுங்க. எனக்கு நெஞ்சு படபடன்னு வருது, நிக்கவே முடியல. நீங்க இந்த ஊருக்குச் செஞ்சதையெல்லாம் அந்தம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்க"ன்னா. கண்ணெல்லாம் சோந்து, சேலையை இழுத்துப் போத்திக்கிட்டு, அப்படியே துவண்டு போய் நிக்கா. எனக்கே பாவமா இருந்துச்சு. "நீ ஒண்ணும் பயப்படாத, நான் பாத்துக்கிடுதேன்"ன்னேன். மேடையில நாற்காலியை அவதான் துண்டால தொடைச்சுப் போட்டா.

சப் கலெக்டர் வந்தாவ. சின்னப் பொண்ணு, கண்ணாடி போட்டுக்கிட்டு. நான் மைக்கைப் புடிச்சேன். விடுவேனா? "இந்த ஊருக்கு ரோடு யாரு போட்டா? நான் போட்டேன். தண்ணித் தொட்டி யாரு கெட்டுனா? நான் கெட்டுனேன். தெருவிளக்கு யாரு போட்டா?" அப்படீன்னு போகுது. கூட்டம் அமைதியாக் கேக்குது. இவ கீழ பொம்பளைகளோட சமுக்காளத்துல உக்காந்திருக்கா. அந்தக் கலெக்டர் பொண்ணு எல்லாத்தையும் கேட்டுட்டு, "எல்லாம் நீங்கதான் செஞ்சீங்களா?"ன்னு கேக்கு. "வேற யாரு?"ன்னேன். "குளத்துல மண் எடுக்க அனுமதி குடுத்ததும் நீங்கதானா?"ன்னு கேக்கு.

நான் சொன்னேன் அண்ணாச்சி, மைக்குல, ஊரே கேக்க, "என்னையக் கேக்காம இந்த ஊர்ல ஒரு சட்டி மண்ணு நகராதும்மா!"

சொல்லி முடிச்ச பொறவுதான் எனக்கே காதுல விழுந்துச்சு. பின்னால ஒரு ஆடு கத்துச்சு, அவ்வளவுதான். அந்தப் பொண்ணு கீழ திரும்பி, "நீங்கதானம்மா தலைவர்? உங்களுக்கு இது தெரியுமா?"ன்னு கேட்டுச்சு. இவ மெதுவா எந்திரிச்சா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, எல்லாம் அவ்வோதான் பாக்காவ"ன்னா. நான் பழக்கி விட்ட மாதிரியே, ஒரு எழுத்து மாறாம. பொறவு, நான் சொல்லிக் குடுக்காத ஒண்ணையும் சேத்துச் சொன்னா. "ஆனா இந்தத் தெருக்காரங்களுக்கு எல்லாம் தெரியும்மா, அவங்களைக் கேளுங்க." அவ்வளவுதான். கீழத்தெருப் பொம்பளைக மொத்தமும் எந்திரிச்சிட்டாளுவ. எந்த லாரி, எந்த நாளு, யாரு நின்னா, எல்லாத்தையும் கொட்டுதாளுவ. ஒருத்தி விட்ட எடத்துல இன்னொருத்தி புடிக்கா.

மேடையிலேருந்தே என்னையப் போலீஸ்காரன் ஜீப்புல ஏத்திட்டான். தேச்ச சட்டையோட.

நான் சொல்லுதேன், அவளுக்குச் சூதுவாது தெரியாது. பொம்பளை, பயந்துபோய்ச் சொல்லியிருக்கா. ஆனா யாரோ பின்னால இருந்து சொல்லிக் குடுத்திருக்கான். அது மட்டும் நிச்சயம். பாளையங்கோட்டை ஜெயில்ல இருந்து ராத்திரி பகலா அதத்தான் யோசிச்சேன். யாரா இருக்கும்? அவளைப் பாக்க வந்தா கேட்ருவோம்னு இருந்தேன். வந்தா. கைமுறுக்கு கொண்டாந்தா. "உடம்பைப் பாத்துக்கிடுங்க. வக்கீல் லீவுல இருக்காராம், ஜாமீனுக்குக் கொஞ்சம் நாளாவுமாம். ஆபீசைப் பத்திக் கவலைப்படாதீங்க, நான் போய்ப் பாத்துக்கிடுதேன்"ன்னா. "நீயா? ஒனக்கு என்ன தெரியும்?"ன்னேன். "ஒண்ணும் தெரியாதுதான், பாத்துப் பாத்துப் பழகிக்கிடுதேன்"ன்னா. முறுக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

ஜாமீன்ல வந்து குளிச்சு, நேரா ஆபீசுக்குப் போனேன். நாற்காலியில இவ இருக்கா. பக்கத்துல நாலு பொம்பளைக. சுவத்துல குளத்துப் படம் மாட்டி, கரையை எங்கெங்க அடைக்கணும்னு பேசிக்கிட்டு இருக்காளுவ. நான் வாசல்ல நிக்கேன். எந்திரிப்பான்னு பாத்தேன். தலையைத் தூக்கி என்னையப் பாத்து, "வாங்க, உக்காருங்க. என்ன விஷயமா வந்தீங்க?"ன்னா.

அண்ணாச்சி, அடிச்சிருந்தாக்கூட எனக்கு வலிச்சிருக்காது. எம் பொஞ்சாதி, எங்க ஊரு ஆபீஸ்ல, எந் நாற்காலியில இருந்துக்கிட்டு, என்னையப் பாத்து என்ன விஷயமா வந்தீங்கன்னு கேக்கா! ரேஷன் கார்டுல பேரு விட்டுப் போச்சுன்னு வாரவங்களைக் கேப்பாங்கல்லா, அதே மாதிரி. நான் உக்காரல. வெளியில வந்து சங்கரபாண்டி சட்டையைப் புடிச்சேன். "ஏல, நீதான இதுக்கெல்லாம் சொல்லிக் குடுக்க? நீதான பின்னால இருந்து ஆட்டுத?" அந்தச் சவம் அழுதுட்டான். "அண்ணே, நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க? அவங்கதான்ணே எனக்கு எழுதச் சொல்லிக் குடுக்காங்க"ன்னான். நல்லா நடிக்கான்.

வீட்டுல வந்து கத்துனேன். சண்டை போட்டாளா? போட மாட்டா. போட்டாத்தான நாலு வார்த்தை கேக்கலாம்! "சாப்பிடுங்க, மீன் ஆறிரும்"பா. இன்னைக்கு வரைக்கும் சோத்துல குறை வச்சதில்ல, துணி தேய்க்கக் குறை வச்சதில்ல. ஒரு வார்த்தை என்னைய எதுத்துப் பேசுனதில்ல. அதான் எனக்குத் தாங்கல. எனக்கு ஒரு புடி கெடைக்க மாட்டேங்குது அண்ணாச்சி, எங்க கையை வச்சாலும் வழுக்கிட்டுப் போறா.

கரையைக் கெட்டுனா. பொட்டப் புள்ளைகளுக்குக் கபடி மைதானம் போட்டா. டிரவுசர் போட்டுக்கிட்டு எல்லாத்தையும் ஓட விடுதா, எவனும் கேக்க மாட்டேங்கான். அடுத்த எலெக்சன்ல ஒன்றியத்துக்கு நின்னா. அப்ப போஸ்டர்ல என் படமே இல்ல. எங்கன்னு கேட்டேன். "கேஸ் நடக்குல்லா, உங்களுக்குத்தான சங்கடம்"ன்னா. எல்லாம் என் நல்லதுக்குத்தான் சொல்லுவா! சேர்மன் ஆயிட்டா. கட்சிக்காரங்க வீடு தேடி வந்தாவ. மேடையில பேச விட்டாவ. மூச்சு வாங்காமப் பேசுதா. கேட்டிருக்கீங்களா நீங்க? கேட்டிருப்பீங்க. எல்லாரும் கேட்டிருக்காவ.

மாவட்டச் செயலாளரைத் தனியாப் பாத்துக் கேட்டேன். "மாவட்டம், மறைக்காமச் சொல்லுங்க, நீங்கதான அவளைத் தூண்டி விடுதீங்க?" "யோவ் பலவேசம், அந்தம்மா ஃபோன் பண்ணுனா நானே எந்திரிச்சு நின்னுதான்யா பேசுதேன்"ன்னாரு. இவனும் நடிக்கான். ஒருத்தன் உண்மையைச் சொல்ல மாட்டேங்கான். மில் டீம் கோச் ஒருத்தரு இருந்தாரே, அவரா இருக்குமோன்னு விசாரிச்சேன். அவரு செத்து நாளாச்சாம். பின்ன யாரு? கால்புடி ஆடுனவன் நான், ஒரு ஆளை எடை போடத் தெரியாதா எனக்கு? இத்தனை வருசம் ஒரே வீட்டுல இருக்கேன். அவளுக்கு இவ்வளவு தெரியாது அண்ணாச்சி. தெரியவே தெரியாது.

இப்ப எம்.எல்.ஏ. சீட்டு. பட்டியல்ல அவ பேரு வந்த அன்னைக்கு நான் சாப்பிடல. வயிறு எரியுது, சொல்லுததுக்கு என்ன வெக்கம்? அந்த எடம் என்னுது. அந்தத் துட்டி வீடெல்லாம் போனது நானு. வெயில்ல நின்னது நானு. ஜெயிலுக்குப் போனதும் நானு. அவ என்ன செஞ்சா?

அப்பத்தான், போன வாரம், காப்பியைக் குடுத்துட்டு அவளே வந்து சொல்லுதா. "இங்கேருங்க, எனக்கு மாத்தா இன்னொரு ஆளும் மனு போடணுமாம். உங்க பேரைப் போடலாமான்னு மாவட்டம் கேக்காவ. வாரீங்களா?"ன்னு. ஆமா, டம்மிதான். டம்மி வேட்பாளர். ஒங்ககிட்ட மறைச்சு என்ன ஆவப் போவுது? ஆனா டம்மின்னா லேசுப்பட்டதில்ல, தெரிஞ்சுக்கிடுங்க. அதே கட்சி, அதே ஆபீஸ், அதே உறுதிமொழி. அவ மனு செல்லும்னு ஆயிட்டா என் மனு தன்னால போயிரும். ஆனா பரிசீலனையில அவ மனு தள்ளுபடின்னு வச்சுக்கிடுங்க? அப்ப யாரு வேட்பாளர்? இந்தப் பலவேசம்தான். சட்டப்படி.

எங்க ஊரு இசக்கியம்மனுக்கு நேந்திருக்கேன். வெளியில சொல்லிராதீங்க. அவ மனு தள்ளுபடியாச்சுன்னா சேவல் அறுத்துப் பொங்கல் வைக்கேன் தாயேன்னு. நேத்து அவளும் அதே கோயிலுக்கு வந்தா, எனக்குத் துந்நூறு பூசி விட்டா. பூசிட்டு, "நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டீங்களா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். பொய்யா சொன்னேன்? நல்லபடியாத்தான வேண்டிக்கிட்டேன். யாருக்கு நல்லபடியான்னு அவ கேக்கலல்லா. சட்டை புதுசு. அளவு குடுத்துத் தச்சது. நானும் அந்த ஆபீசர் முன்னால நின்னு, பலவேசம் ஆகிய நான்னு சொல்லணும் அண்ணாச்சி. ஒரே ஒரு தடவை. ஊரு பாக்கணும். அதுக்குப் பொறவு தள்ளுனா தள்ளிட்டுப் போட்டும்.

இருங்க, ஃபோன் அடிக்கு. அவதான்.

ஹலோ. ஆங், பஸ்ஸுலதான். பாலம் தாண்டியாச்சு. இன்னும் பத்து நிமிசம். சட்டையா, நல்லா இருக்கு, பொருத்தமா இருக்கு. என்ன? முடிஞ்சிட்டா? மணி இன்னும் பன்னெண்டே ஆவலையே? சரி, ஒன் மனு முடிஞ்சிட்டு, நான் வந்து என்னுத... என்னது? யாரு? எஸ்தரா? எந்த எஸ்தரு? ஏன், என்னையக் கூப்பிட்டியே? நீதானட்டி கூப்பிட்ட! கேஸா? அந்தக் கேஸுக்கு இப்ப என்ன? அது எதிர்க்கட்சிக்காரன் சொல்லுவான், சொல்லிட்டுப் போறான், அதுக்காக... ம். ம். இல்ல, கோவமெல்லாம் இல்ல. ம். சரி. கேக்கு, கேக்கு. சரி.

வச்சிட்டா.

டம்மி போட்டாச்சாம். எஸ்தரைப் போட்டுட்டாளாம். மில் டீம்ல கூட ஆடுனவ. ஒரே ஹாஸ்டல். இத்தனை வருசம் அவ இருக்குற எடமே எனக்குத் தெரியாது, எங்கேருந்து வந்தான்னும் தெரியல. எம் பேர்ல கேஸ் இருக்குல்லா, டம்மியாப் போட்டாலும் அதையும் பேப்பர்ல போடுவான், கட்சிக்கு அசிங்கம்னு காலையிலதான் முடிவு பண்ணுனாவளாம். யாரு முடிவு பண்ணுனான்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும். அவ, "நான்தான் முடிவு பண்ணுனேன், உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்"னு அவளாவே சொல்லிட்டா.

டம்மிக்கும் நான் ஆகல அண்ணாச்சி.

அதுக்கு மேல என்ன சொன்னா தெரியுமா? பின்னால மைக் சத்தம், மேளச் சத்தம், அதுக்கு நடுவுல கத்திச் சொல்லுதா. "வந்தது வந்துட்டீங்க, பக்கத்து மண்டபத்துல சாப்பாடு இருக்கு, எல்லாரும் இருந்து சாப்பிட்டுப் போங்க." எல்லாருமாம்! மைக் செட்டுக்காரனுக்குச் சொல்லுததும் அதேதான், வேன்ல வந்தவங்களுக்குச் சொல்லுததும் அதேதான், கெட்டுன புருசனுக்குச் சொல்லுததும் அதேதான். நான் சரின்னுட்டேன் பாருங்க.

இல்ல, திரும்பிப் போக முடியாது. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன். இப்பவே போனா என்னன்னு சொல்ல? வீட்டுலயும் யாரும் இல்ல, அடுப்பு பத்த வைக்கல. காலையிலேருந்து படபடப்புல ஒரு காப்பிதான் குடிச்சிருக்கேன்.

நீங்க நல்லாச் சாஞ்சு உக்காருங்க அண்ணாச்சி, பரவால்ல, கசங்குனாக் கசங்கட்டும். அந்த மண்டபத்துக்குப் பஸ் ஸ்டாண்டுல எறங்கணுமா, இல்ல முன்னாலயே எறங்கலாமா, ஒங்களுக்குத் தெரியுமா? மட்டனாம். வெரசலாப் போகணும், மொதப் பந்தியிலயே கறி தீந்துரும்.